பயிற்சி வானூர்திகள் ஏன் விழுகின்றன?



சிறிய பயிற்சி வானூர்தி ஒன்று எங்கேனும் விழுந்தது என்ற செய்தி வந்தால், நம் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் இரண்டு தீர்ப்புகள் உடனே வழங்கப்பட்டு விடுகின்றன. 'எஞ்சின் கெட்டுப் போயிருக்கும்' என்பது ஒன்று. 'அவர்கள் விதி அவ்வளவுதான்' என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நான் ஏற்பதில்லை. புலனாய்வு அறிக்கைகளைப் பொறுமையாகப் படித்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். காரணங்கள் புதியவை அல்ல, மறைபொருளும் அல்ல. விரல் விட்டு எண்ணி விடக்கூடிய பழைய காரணங்களே ஊர் மாறி, நாடு மாறித் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள்ளும் ஒன்று நம் வகுப்பறைகளோடு நெருங்கிய தொடர்புடையது என்பது என் கருத்து. அதைச் சொல்லவே இப்பதிவை எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு வானூர்தியைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் வினவலாம். நெகிரி செம்பிலானில் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. 1998ஆம் ஆண்டு சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. செம்பனைத் தோட்டங்கள் இருந்த மண்ணில் எழுந்த நிலையம் அது. அன்று முதல் லாபு, நீலாய் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு வானூர்தி என்பது தினமும் தலைக்கு மேல் பறக்கும் பொருளாகி விட்டது. தென்புறத்தில் மலாக்காவின் பத்து பிரண்டாமில் விமானிகளுக்கான பயிற்சிக் கழகம் இயங்குகிறது. தம்பின் பக்கம் வானத்தில் முன்விசிறி சுழலச் செல்லும் சிறு வானூர்தியைக் கண்டால் மாணவர்கள் திடலில் பந்தை விட்டு விட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். 'நான் ஒரு விமானி ஆனால்...' என்று கட்டுரை எழுதச் சொன்னால் தாள் போதுவதில்லை. (வானோடி என்று எழுத வைக்கத்தான் எனக்கு விருப்பம். பிள்ளைகள் வாயில் வருவது 'பைலட்'. இரண்டுக்கும் நடுவே விமானி என்று உடன்பாடு செய்து கொண்டோம்.)

பால்மரம் சீவியவரின் பேரன் வானூர்தி ஓட்ட விரும்புவது பெருமைக்குரியதே. அந்த வழியில் சென்று வென்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் பயிற்சிச் செலவு இரண்டரை இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறது. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்தும் வீட்டை அடகு வைத்தும் பெற்றோர் இதனைக் கட்டுகிறார்கள். கட்டும் பெற்றோர் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம், எந்த நிறுவனத்தில் வேலை கிடைக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். 'என் பிள்ளை அமரப் போகும் அந்த வானூர்தி எதனால் விழும்?' என்று கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அபசகுனம் என்று எண்ணுகிறோம் போலும்!

மிகக் கொடிய காரணத்தை முதலில் சொல்லி விடுகிறேன். சிறு வானூர்தி விபத்துகளில் மிகுதியான உயிர்களைக் கொள்வது, பறக்கும்போதே கட்டுப்பாட்டை இழப்பதுதான். இதனை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. வானூர்தியைத் தாங்குவது இயந்திரம் அன்று, இறக்கை. இறக்கையின் மேலும் கீழும் காற்று சீராக வழிந்தோடும் வரை அது தாங்கும். மூக்கை மேலும் மேலும் உயர்த்திக் கொண்டே போனால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைக் கடக்கும்போது, மேற்பரப்பில் ஒட்டி ஓடிய காற்று பிரிந்து கலைந்து விடுகிறது. இயந்திரம் முழங்கிக் கொண்டுதான் இருக்கும். இறக்கையோ தாங்குவதை நிறுத்தி விடும். ஆங்கிலத்தில் இதனை 'ஸ்டால்' என்பார்கள். மகிழுந்து நின்று போவதற்கும் அதே சொல் வழங்குவதால், நாளிதழில் படிக்கும் நம்மவர்கள் இயந்திரம் நின்றது என்றே பொருள் கொள்கிறார்கள். தமிழில் 'தாங்கல் இழப்பு' எனலாம் என்று தோன்றுகிறது. இதனினும் நல்ல சொல் அறிந்தோர் பின்னூட்டத்தில் எழுதுங்கள்; ஏற்றுக் கொள்கிறேன்.

உயரத்தில் நேர்ந்தால் இதிலிருந்து மீளலாம். மீளும் முறையைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கிறார்கள். கொல்லும் இடம் வேறு. தரையிறங்கும் முன், ஓடுபாதைக்கு நேராக வருவதற்கு ஒரு கடைசித் திருப்பம் உண்டு. அப்போது உயரம் 500 அடி அளவுதான் இருக்கும். காற்று பக்கவாட்டில் தள்ளினால் வானூர்தி பாதையைத் தாண்டிப் போய் விடும். மாணவர் பதறி இன்னும் கூர்மையாகத் திருப்புவார். திருப்பும்போதே மூக்கையும் இழுப்பார். உயரம் குறையாமல் 60 பாகை சாய்வில் திரும்பும் வானூர்தியின் இறக்கை, அதன் எடையைப் போல் இரு மடங்கைச் சுமக்க வேண்டியிருக்கிறது. தாங்கல் இழக்கும் வேகமும் 41 விழுக்காடு கூடி விடுகிறது. நேராகப் பறக்கும்போது போதுமாக இருந்த வேகம் திருப்பத்தில் போதாமல் போகிறது. ஓர் இறக்கை முதலில் தாங்கல் இழந்து கீழே சாய, வானூர்தி பம்பரமாகச் சுழன்று விழுகிறது. 500 அடி மீள்வதற்குப் போதாது.

மீளும் வழியோ மனித இயல்புக்கு நேர் எதிரானது. தரை நெருங்கி வரும்போது கை தானாகவே கட்டைப் பின்னால் இழுக்கும். மீள வேண்டுமானால் முன்னால் தள்ள வேண்டும்! அச்சம் ஒன்று சொல்ல, கை அதற்கு மாறானதைச் செய்ய வேண்டும். ஆகவே நல்ல பயிற்றுநர்கள், இந்நிலை வரவே விடாதே என்கிறார்கள். பாதையைத் தாண்டி விட்டாயா? விட்டு விடு. விசையைக் கூட்டி நேராக மேலேறி, இன்னொரு சுற்று வந்து இறங்கு. ஐந்து நிமிடமும் கொஞ்சம் எரிபொருளுமே செலவு. இவ்வளவு எளிய வழி இருக்க, ஏன் மாணவர் அந்தத் திருப்பத்தையே சரி செய்யப் பார்க்கிறார்? கீழே நின்று எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தான். இந்தக் கூச்சத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இதற்கு மீண்டும் வருகிறேன்.

இனி, இயந்திரம். அது நிற்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிற்கிறது. ஆனால் நின்ற இயந்திரங்கள் பலவற்றில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. அமெரிக்க வாரியம் 2011 முதல் 2015 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தபோது, எரிபொருளைக் கையாளுவதில் நேர்ந்த தவறுகளால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கு மேற்பட்ட விபத்துகள் நடந்திருந்தன. அவற்றுள் 95 விழுக்காட்டில் விமானியின் தவறும் ஒரு காரணம். ஒன்று, எண்ணெய் முழுதும் தீர்ந்து விட்டது. அல்லது ஒரு தொட்டியில் இருக்க, தீர்ந்து போன தொட்டியிலிருந்தே இழுத்துக் கொண்டிருந்தார்கள். பழைய மோட்டார் சைக்கிளில் 'ரிசர்வ்' திருப்ப மறந்து சாலையோரம் நின்றவர்களுக்கு இது நன்றாக விளங்கும். சாலையோரம் என்ற ஒன்று வானத்தில் இல்லை என்பதே வேறுபாடு. அளவுமானி காட்டுவதை நம்பாமல், இறக்கை மேல் ஏறி, அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டுப் பார் என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். தொட்டியின் அடியிலிருந்து சிறிது எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் வடித்து, நீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே. இரவு ஈரத்தில் தொட்டிக்குள் நீர் கோக்கும். நீர் கனமானது, அடியில் தங்கும். இரண்டு நிமிட வேலை. நூறு முறை பார்த்தும் ஒரு முறைகூட நீர் இல்லாதபோது, நூற்றோராம் முறை பார்க்கத் தோன்றாது.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. பனிக்கட்டி! நம் நாட்டில், அதுவும் வியர்த்து ஒழுகும் வெயிலில், இயந்திரத்துக்குள் பனிக்கட்டி உருவாகும் என்றால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிறு வானூர்திகள் பலவற்றில் கார்புரேட்டர் உண்டு. செஸ்னா 150, 152 முதலிய பழைய பயிற்சி வானூர்திகள் அவ்வகையினவே. கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியே காற்று விரைந்து செல்லும்போதும் எரிபொருள் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் சரியக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் தொண்டையில் உறைந்து அடைத்துக் கொள்ளும். குளிர்நாட்டின் வறண்ட பனிக்காலத்தைக் காட்டிலும், வெதுவெதுப்பும் ஈரமும் கூடிய நம் காலைப்பொழுதே இதற்கு வாய்ப்பானது. பனி இறங்கிய பால்மரக் காட்டில் விடியலில் நடந்தவர்களுக்கு அந்த ஈரம் எத்தகையது என்று தெரியும்.

இதற்கு மருந்தும் உண்டு. ஒரு குமிழை இழுத்தால் சூடான காற்று உள்ளே சென்று பனிக்கட்டியை உருக்கும். ஆனால் உருகிய நீர் இயந்திரத்துக்குள் போகும்போது, சரியாவதற்குப் பதில் இயந்திரம் முன்னைவிட மோசமாக இருமத் தொடங்கும். பழக்கமில்லாதவர், 'ஐயோ, தவறானதைச் செய்து விட்டேன்' என்று அஞ்சி உடனே குமிழை உள்ளே தள்ளி விடுவார். அங்கேதான் போயிற்று. அரை நிமிடம் பொறுத்திருந்தால் இயந்திரம் பிழைத்திருக்கும். தரையில் இறங்கிப் புலனாய்வாளர்கள் பார்க்கும்போது பனிக்கட்டியும் இருக்காது. எல்லாம் உருகிப் போயிருக்கும்.

இயந்திரம் நின்ற பின் எங்கே இறங்குவது? இங்குதான் நம் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் செம்பனைக்காடு பச்சைக் கம்பளம் போல் மெத்தென்று தெரியும். அருகில் சென்றால் ஒவ்வொன்றும் தூண். பாகாவிலிருந்து கெமாஸ் வரை வரிசை வரிசையாகத் தூண்கள். தோட்டத்துச் செம்மண் சாலை, வானூர்தியின் இறக்கையைவிடக் குறுகலானது. கோலப் பிலா, ரெம்பாவ் வயல்கள் சிறியவை. பரந்த காட்டில் வெட்டவெளி என்று தோன்றுவது பெரும்பாலும் பள்ளித் திடல்தான். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து நிற்கும் அதே திடல்! 2024 பிப்ரவரி 13ஆம் நாள், சுபாங்கிலிருந்து புறப்பட்ட பிளாக்‌ஷேப் வகைச் சிறு வானூர்தி ஒன்று கிள்ளான் அருகே காப்பாரில் செம்பனைத் தோட்டப் பகுதியில் விழுந்து, அதிலிருந்த இருவரும் உயிரிழந்தனர். இருவர் அமரும்படி, பயிற்சிக்கெனவே வடிவமைக்கப்பட்ட வகை அது. ஆகவே இது எங்கோ நடக்கும் கதை என்று தோட்டப்புறத்தார் இருந்து விட முடியாது.

புறப்பட்ட உடனே இயந்திரம் நின்றால் நிலைமை இன்னும் கடுமை. பின்னால் ஓடுபாதை இருக்கிறது. முன்னால் என்ன இருக்கிறதோ தெரியாது. திரும்பி விடத்தான் மனம் துடிக்கும். திரும்பாதே என்பதே பாடம். போதிய உயரமில்லாமல் திரும்புகிறவர் முன்பு சொன்ன அதே திருப்பத்தில், அதே தாங்கல் இழப்பில் விழுகிறார். முன்னால் உள்ளவற்றுள் குறைந்த தீங்கு தருவதைத் தேர்ந்தெடுத்து, இறக்கை மட்டமாக இருக்க இறங்கினால் உயிர் பிழைக்க வாய்ப்புண்டு. 2023 ஆகஸ்டு 7ஆம் நாள் திருகோணமலைச் சீனன்குடாவில் இலங்கை வான்படையின் பிடி-6 பயிற்சி வானூர்தி, புறப்பட்ட சில நிமிடங்களிலேயே விழுந்து இருவர் மாண்டனர். புறப்பட்ட வேளையில் விமானிக்கு உயரமும் இல்லை, நேரமும் இல்லை என்பதற்கு இதைக் குறிப்பிடுகிறேன். மறுபுறம், 2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து பறந்த செஸ்னா பயிற்சி வானூர்தி ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே திருச்சி நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. அதிலிருந்த இருவரும் பிழைத்தனர். பேருந்தும் சரக்குந்தும் ஓடும் சாலையில் வானூர்தி நிற்கும் படத்தைப் பகிர்ந்து நகையாடியவர்கள் பலர். எனக்கோ அப்படம் பாடநூலில் இடம் பெற வேண்டிய படமாகத் தோன்றியது. கண்ணெதிரே இருந்த நல்ல இடத்தில் இறங்கினார்கள், அவ்வளவே.

பராமரிப்புக் குறை என்ற காரணத்தையும் மறைக்கக் கூடாது. மகாராட்டிரத்தின் பாராமதியில் 2023 அக்டோபர் 19, 22 ஆகிய நாள்களில், ஒரே பயிற்சி நிறுவனமான ரெட்பேர்டின் வானூர்திகள் இரண்டு அடுத்தடுத்து விபத்துக்குள்ளாயின. இந்திய வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அந்நிறுவனத்தின் பயிற்சியையே நிறுத்தி வைத்தது. மாணவர் என்னதான் கவனமாக இருந்தாலும், பணிமனையில் முறையாகப் பார்க்காத வானூர்தியை அவரால் என்ன செய்ய முடியும்? ஒன்று செய்யலாம். 'இதில் நான் ஏற மாட்டேன்' என்று சொல்லலாம். கட்டணம் கட்டிய பத்தொன்பது அகவைப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லும் துணிவு எங்கிருந்து வரும் என்பதே என் கேள்வி.

புகைமூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 அக்டோபரில் நெகிரி செம்பிலான் பள்ளிகள் உள்ளிட்டு எத்தனையோ பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. அடிவானம் மறைந்து விட்டால் மனித உடலுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. உள்காது பொய் சொல்லும். சாய்ந்து பறந்து கொண்டே நேராகப் பறப்பதாக நம்ப வைக்கும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத சூழலில் பறக்க விட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரி நேரம் 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை! 1999 சூலை 16ஆம் நாள் இரவு, அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் தாமே ஓட்டிச் சென்ற சிறு வானூர்தி, மங்கலான வானத்தில் கடல் மேல் திசையுணர்வு இழந்து விழுந்ததும் இப்படித்தான். 2023 சனவரித் தொடக்கத்தில், மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில், இரவு நேரத்தில் கடும் மூடுபனியில் பறந்த பயிற்சி வானூர்தி ஒன்று கோயில் விமானத்தில் மோதியது. பயிற்றுநர் மாண்டார், மாணவர் காயமுற்றார். 'இன்று வேண்டாம், நாளை பறக்கலாம்' என்ற நான்கு சொற்கள் போதுமாக இருந்திருக்கும். ஆனால் வணிக விமானி உரிமத்துக்கு ஏறத்தாழ 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதமும் வீட்டில் அடகு வைத்த பணத்தின் வட்டி. விமானியின் தோளில் வானிலை மட்டுமன்று, வட்டியும் ஏறி அமர்கிறது.

வேடிக்கை காட்டித் தாழப் பறப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1980 சூன் 23ஆம் நாள் டெல்லியில், சஞ்சய் காந்தி தில்லிப் பறப்புக் கழகத்தின் பிட்ஸ் வானூர்தியில் சாகசம் செய்கையில் விழுந்து, உடன் சென்ற பயிற்றுநரோடு மாண்டார். சாகசத்துக்கென்றே செய்த நல்ல வானூர்திதான். உயரம்தான் இல்லை. உடனிருந்தவர் தேர்ந்த பயிற்றுநர். பக்கத்தில் அமர்ந்திருந்தவரிடம் அவரால் எந்த அளவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க முடியும்?

இப்போது அந்தக் கூச்சத்துக்கு வருகிறேன்.

பயிற்சி வானூர்தியில் இரண்டு இருக்கைகளிலும் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. மாணவர் ஓட்டுவார், தேவைப்பட்டால் பயிற்றுநர் வாங்கிக் கொள்வார். இதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. 'அவர் பிடித்திருக்கிறார்' என்று இவரும், 'இவர் பிடித்திருக்கிறார்' என்று அவரும் எண்ணிக் கொண்டால் வானூர்தியை ஒருவருமே ஓட்டவில்லை. அல்லது இருவரும் ஓட்டுகிறார்கள், ஆளுக்கொரு திசையில்! இதனால் நேர்ந்த விபத்துகளுக்குப் பின்னரே ஒரு முறை வகுத்தார்கள். 'என்னிடம் கட்டுப்பாடு' என்று ஒருவர் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். 'உங்களிடம் கட்டுப்பாடு' என்று மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலாமவர் மீண்டும் அதை உறுதி செய்ய வேண்டும். தலையசைத்தல் செல்லாது. மௌனம் சம்மதம் என்பது நம் வழக்கு. வானத்தில் மௌனம் சம்மதமன்று.

திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது, கேட்பவரும் கேட்க வேண்டும் என்பதற்கு நம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. 1989 பிப்ரவரி 19ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து சுபாங் நோக்கி வந்த பிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு வானூர்தி, போயிங் 747, பூச்சோங் அருகே குன்றில் மோதி நால்வர் மாண்டனர். சிறு வானூர்தி அன்றுதான். ஆனால் மொழியாசிரியர் எவரும் இந்நிகழ்வை மறக்க மாட்டார். 2400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டறை சொன்னது: 'டிசெண்ட், டூ ஃபோர் சீரோ சீரோ'. ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும், 'அதற்கு' என்று பொருள்படும் சொல்லும் ஒலியில் ஒன்றே. விமானிக்கு அது '400 அடிக்கு இறங்கு' என்று கேட்டது. 'ஓகே, ஃபோர் சீரோ சீரோ' என்று அவர் மறுமொழி தந்தார். அந்த மறுமொழியில் இருந்த பிழையை எவரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் அவர்கள் மேலேறவில்லை. ஓர் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைத்தால் 'சின்னப் பிழைதானே' என்று முறையிடும் பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன். அவர்கள் சிரித்து விட்டுப் போய் விடுகிறார்கள்.

இன்னும் பெரிய சான்று, 1977 மார்ச்சு 27இல் தெனரீப் தீவில் இரண்டு போயிங் 747கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்ட நிகழ்வு. அனுமதி பெறாமலே புறப்பட்ட கேஎல்எம் வானூர்தியின் தலைமை விமானி, அந்நிறுவனத்தின் விமானிகளுக்கெல்லாம் பயிற்சியளித்த மூத்தவர். பக்கத்தில் இருந்த துணை விமானியைச் சில வாரங்களுக்கு முன் தேர்வு செய்து சான்று அளித்தவரும் அவரே. பின்னால் இருந்த பொறியாளர், எதிரே உள்ள வானூர்தி பாதையை விட்டு விலகவில்லையோ என்று ஐயத்தோடு கேட்டார். 'விலகி விட்டது' என்று ஆசிரியர் அழுத்தமாகச் சொன்னார். அதன் பின் யாரும் பேசவில்லை.

ஆசிரியர் தவறு செய்யும்போது மாணவர் வாயை மூடிக் கொள்வது. இதைத்தான் நான் காரணங்களுக்கெல்லாம் அடியில் கிடக்கும் காரணம் என்கிறேன். எண்ணெய் போதுமா என்ற ஐயம் எழுந்தும் கேட்காமல் இருப்பது. மூடுபனியில் போக வேண்டுமா என்று வாய்வரை வந்ததை விழுங்குவது. இறங்கும் பாதை தவறி விட்டது என்று தெரிந்தும், மீண்டும் மேலேறினால் எள்ளி நகையாடுவார்களோ என்று அஞ்சுவது. இவையெல்லாம் ஒரே பழக்கத்தின் கிளைகள். இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் பறப்புப் பள்ளியில் கற்பதில்லை. அங்கே போகும்போதே கொண்டு போகிறார்கள்.

நம் தோட்டப்புறத்துக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. துரை, கிராணி, கங்காணி என்று அடுக்கடுக்காக மேலே ஆள் இருந்த வாழ்வில், எதிர்த்துக் கேள்வி கேட்டவருக்கு மறுநாள் வேலை இல்லை. ஆகவே, 'சரிங்க ஐயா' என்பது அக்காலத்தில் உயிர் காத்த சொல். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் லயங்கள் இடிந்து, பிள்ளைகள் அடுக்குமாடியில் குடியேறிய பிறகும் அந்தச் சொல் வகுப்பறையில் குடியிருக்கிறது. 'புரிந்ததா?' என்று கேட்டால் முப்பது குரலும் 'புரிந்தது' என்கின்றன. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று சான்றளிக்கிறோம். கேள்வி கேட்கும் பிள்ளையை 'வாயாடி' என்கிறோம். ஆசிரியரிடம் மரியாதை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 'ஐயா, கரும்பலகையில் எழுதியது தவறு' என்பதும் மரியாதையோடு சொல்லக்கூடிய வாக்கியமே. அதைச் சொல்லப் பழக்காமல் விடுவது மரியாதையைக் கற்பிப்பதாகாது.

என் வகுப்பில் இப்போது 'புரிந்ததா?' என்ற கேள்வி கிடையாது. கட்டளையை மாணவர் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திருத்தலாம். நான் தவறாகச் சொன்னாலும் திருத்தலாம். முதல் சில வாரங்கள் வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பாசிரியர் எட்டிப் பார்ப்பார். வானூர்திக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. மருத்துவமனையில் மருந்து அளக்கும் தாதியும், தொழிற்சாலையில் பொறி இயக்குபவரும் இதே வகுப்பிலிருந்துதான் போகிறார்கள்.

ஒரு மறுப்பு எழலாம். தேர்ந்த மூத்த விமானிகளும் விழுகிறார்களே, அவர்களுக்கு என்ன கூச்சம் என்று. உண்மைதான். 2023 ஆகஸ்டு 17ஆம் நாள் சா ஆலாம் எல்மினாவில் விழுந்து, சாலையில் சென்ற இருவர் உட்படப் பத்துப் பேர் மாண்ட சிறு செட் வானூர்தியில் பயிற்சி மாணவர் எவரும் இல்லை. தரையைத் தொட்ட பின்பே விரிக்க வேண்டிய இறக்கைத் தகடுகள் வானிலேயே விரிக்கப்பட்டன என்று நம் நாட்டுப் புலனாய்வுப் பிரிவு கண்டறிந்தது. கை தவறுவது எவருக்கும் நேரும். மௌனத்தை ஒழித்து விட்டால் விபத்தே இராது என்று நான் வாதிடவில்லை. இருவர் அமர்ந்திருக்கும் வானூர்தியில், ஒருவர் தவறை மற்றவர் பிடிக்கும் வாய்ப்பு இருந்தும் அது வீணாகிப் போவதையே சொல்கிறேன்.

பிள்ளையைப் பறப்புப் பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். கட்டண அட்டவணையோடு எழுந்து வந்து விடாதீர்கள். பறக்க மறுக்கும் மாணவருக்கு அந்த நாளின் கட்டணம் பிடிக்கப்படுமா என்று கேளுங்கள். பணிமனைக்குள் அழைத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்றும், பயிற்றுநரைப் பற்றி முறையிட வேண்டுமானால் யாரிடம் முறையிடுவது என்றும் கேளுங்கள். இவற்றைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் நிறுவனமாக இருந்தால் அதுவே உங்களுக்கு விடை. பிள்ளையிடமும் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: பணம் போனாலும் பரவாயில்லை, மனம் ஒப்பாத நாளில் ஏறாதே என்று. அதை அப்பாவும் அம்மாவும் தம் வாயால் சொல்ல வேண்டும். ஆசிரியர் சொன்னால் போதாது.

நம் நாட்டில் நடந்த வானூர்தி விபத்துகளின் புலனாய்வு அறிக்கைகளைப் போக்குவரத்து அமைச்சு தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும். இடைநிலைப்பள்ளியில் பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஓர் அறிக்கையை எடுத்து இரண்டு பக்கம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். 'தாங்கல் இழப்பு'க்கு நல்ல சொல் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.